நெல் விளைச்சல் கூடினது மழையாலா, நம் கையாலா? வயலில் செய்த மாற்றத்தை அளந்து பார்க்கும் முறை

எங்கள் வயல் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம், நவகிரிக் குளத்துத் தண்ணீர் பாய்கிற வட்டையில் (வயல்வெளியில்) இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், ஒரு மாரிப்போகத்தில் (மழைக்காலப் பெரும்போகத்தில்), கடையில் சொன்னதை நம்பி இலையில் விசிறும் திரவ உரம் ஒன்றை மூன்று தடவை அடித்தோம். அந்தப் போகம் ஏக்கருக்குப் பத்துப் புசல் நெல், ஏறக்குறைய இருநூறு கிலோ, கூடுதலாக விழுந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அடுத்த மாரிக்கும் அதையே வாங்கினோம். அதற்கடுத்த மாரிக்கும் வாங்கினோம்.

பிறகு ஒருநாள், பக்கத்து வரம்புக்காரரான மாமாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது அந்த முதல் போகத்தைப் பற்றிச் சொன்னேன். "எங்களுக்கும் அந்த முறை நல்லாத்தான் விழுந்த மனே. மழை நேரத்துக்குப் பெஞ்சதே" என்றார். அவர் அந்த உரத்தை வாங்கியதே இல்லை.

அந்த உரம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேலை செய்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவே வழியில்லாமல் போனதுதான் என்னை உறுத்தியது. மூன்று போகம் காசு கொடுத்தும் ஒரு விடை கையில் இல்லை. அதற்குப் பிறகுதான் அளக்கத் தொடங்கினேன். அப்படிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். விதை அளவு, புது இனம், உரம், களைநாசினி, தண்ணீர் விடும் முறை, எதை மாற்றினாலும் இதே முறையில் பார்க்கலாம்.

முதலில்: எந்தப் பலன் வேண்டும்?

கொப்பியின் முதல் பக்கத்தில் இதை எழுதுங்கள். "விளைச்சல் கூட வேண்டும்" என்று எழுதினால் போதாது. புசல் கூட வேண்டுமா, கையில் மிஞ்சும் காசு கூட வேண்டுமா, செலவு குறைய வேண்டுமா? இவை மூன்றும் ஒன்றல்ல. விதையை ஏக்கருக்கு மூன்று புசலில் இருந்து இரண்டாகக் குறைக்கிறீர்கள் என்றால், விளைச்சல் அதிகரிக்கத் தேவையே இல்லை, குறையாமல் இருந்தாலே வெற்றி. அதை முன்கூட்டியே எழுதாவிட்டால், வெட்டு முடிந்ததும் "ஒன்றும் கூடவில்லையே" என்று நல்ல மாற்றத்தைக் கைவிட்டுவிடுவோம்.

என் அப்பாவிடம் கேட்டபோது அவர் சொன்ன பலன் வேறு. வீட்டுச் சோற்றுக்கு நெல் மிஞ்ச வேண்டும், உரத்துக்குக் கடன் சொல்லக் கூடாது. அதுவும் அளக்கக்கூடியதுதான். போக முடிவில் எத்தனை மூடை வீட்டில் நின்றது, எவ்வளவு கடன் மிச்சம் என்று இரண்டு எண்கள். உங்களுக்கு எது முக்கியமோ அதை எழுதுங்கள். ஆனால் விதைப்புக்கு முன்னே எழுதுங்கள். வெட்டுக்குப் பிறகு எழுதினால், கிடைத்ததையே வேண்டியது என்று மனம் மாற்றிச் சொல்லும்.

அதோடு இன்னும் ஒரு வரி: எவ்வளவு வித்தியாசம் வந்தால் இந்த மாற்றத்தைத் தொடர்வேன்? ஐந்து புசலா, எட்டா? இதையும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

அளவை ஒன்றாக இருக்கட்டும்

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இன்னும் அவணத்திலும் மரைக்காலிலும் கணக்குச் சொல்வார்கள், நாங்கள் புசல் என்போம், வியாபாரி மூடை என்பார், ஆலையில் கிலோ. மூடைக்கு மூடை எடை மாறும். அதனால் எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றி எழுதுங்கள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 20.9 கிலோ.

ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெட்டு மெசினில் இருந்து இறங்கும் நெல்லும் நான்கு நாள் காய்ந்த நெல்லும் ஒரே எடை இல்லை. நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவு செய்யும்போது பார்ப்பது 14 சதவீத ஈரம். நீங்களும் அதற்கே மாற்றிக்கொள்ளுங்கள். நூறில் இருந்து ஈரப்பதத்தைக் கழித்து, நெல்லின் எடையால் பெருக்கி, 86ஆல் பிரிக்க வேண்டும். 22 சதவீத ஈரத்தில் 100 கிலோ என்றால் 78ஐ 100ஆல் பெருக்கி 86ஆல் பிரிக்க, 90.7 கிலோ. ஒரு வருடம் ஈரமாகவும் மறு வருடம் காயவைத்தும் நிறுத்தால், ஏக்கருக்கு எட்டுப் புசல் "கூடினது" போலத் தெரிவது இப்படித்தான். ஈரம் பார்க்கும் கருவி ஆலைகளில் இருக்கும், ஒரு கைப்பிடி நெல் கொண்டுபோனால் பார்த்துச் சொல்வார்கள்.

காணியின் பரப்பும் அப்படித்தான். காணி உறுதிப்பத்திரத்தில் உள்ள ஏக்கரில் வரம்பும் வாய்க்காலும் சேர்ந்திருக்கும். தொலைபேசியை வைத்துக்கொண்டு விதைத்த இடத்தைச் சுற்றி நடந்தால் பரப்பைக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஒரு தடவை நடந்து எழுதிவைத்தால் போதும்.

சும்மா விட்ட துண்டு

முழு வழிகாட்டியிலும் இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மற்ற எல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

புது உரத்தை வயல் முழுக்க அடித்துவிட்டால், அது இல்லாமல் அந்தப் போகம் எவ்வளவு விழுந்திருக்கும் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. போன வருடத்தோடு ஒப்பிட்டால் மழை மாறியிருக்கும், விதை மாறியிருக்கும், அறக்கொட்டிப் பூச்சி வந்த நாள் மாறியிருக்கும். ஆகவே அதே வயலில், அதே போகத்தில், அதே விதையில், ஒரு துண்டை மாற்றாமல் வழமைபோலச் செய்ய வேண்டும். மழை இரண்டு துண்டிலும் ஒரேமாதிரித்தான் பெய்யும். பூச்சியும் இரண்டுக்கும் ஒன்றுதான். மிஞ்சும் வித்தியாசத்துக்கு நம் கை காரணமாக இருக்க இடமுண்டு.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "நல்லதென்டு தெரிஞ்சா முழுக்க அடி. அந்தத் துண்டில நட்டப்பட்டா ஆரு மனே தாறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்னது, நல்லதென்று இன்னும் தெரியாது அப்பா, தெரிந்துகொள்ளத்தான் இது என்று. இரண்டு வரவையில் (வரம்பு கட்டிய வயல் துண்டில்) ஒரு போகம் நான்கைந்து புசல் போனாலும் போகட்டும். வேலை செய்யாத ஒன்றுக்கு வருடா வருடம் முழு வயலுக்கும் காசு கொடுப்பது அதைவிடப் பெரிய நட்டம். அவர் கடைசியில் மூன்று வரவையை விட்டுத் தந்தார்.

துண்டு பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மேட்டு வரவைக்கு உரம் போட்டுப் பள்ள வரவையைச் சும்மா விட்டால், நீங்கள் அளப்பது உரத்தை அல்ல, தண்ணீரை. வாவிக்கரையை அண்டிய காணியில் உவர் ஒரு பக்கமாக ஏறியிருக்கும், அங்கேயும் இதே சிக்கல். அதனால் பக்கத்துப் பக்கத்து வரவைகளைச் சோடியாக எடுங்கள். மேட்டில் ஒரு சோடி, நடுவில் ஒரு சோடி, பள்ளத்தில் ஒரு சோடி. ஒவ்வொரு சோடியிலும் எதற்குப் புது முறை என்பதை நீங்கள் தீர்மானிக்க வேண்டாம், காசு சுண்டிப் பூவா தலையா பாருங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பரவாயில்லை. நாமே தெரிவுசெய்தால் கை தானாக நல்ல வரவையைத்தான் புது முறைக்குக் காட்டும். எனக்கே அப்படி நடந்தது.

யூரியா போன்றது தண்ணீரோடு போகும். உரத்தைச் சோதிக்கிறீர்கள் என்றால் இரண்டு வரவைக்கும் இடையில் வக்கடை (தண்ணீர் போக வரம்பில் வெட்டிய வாய்) திறந்திருக்கக் கூடாது, தண்ணீர் தனித்தனியாகப் பாய வேண்டும். விசிறும் மருந்து என்றால் காற்றில் பறக்கும், எல்லையில் உள்ள இரண்டு மீற்றரை அளக்கும்போது சேர்க்காதீர்கள். விதை அளவு, இனம் ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை குறைவு. இனத்தைச் சோதிக்கும்போது ஒரே வயதுள்ளவற்றை ஒப்பிடுங்கள். மூன்று மாத பிஜி 300ஐ மூன்றரை மாத பிஜி 352ஓடு வைத்துப் பார்த்து, நீண்ட வயதுக்காரன் கூட விழுந்தான் என்றால் அதில் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். விதையையும் உரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டு, எது பலன் தந்தது என்று பிறகு கேட்டால் விடை கிடைக்காது.

குச்சி நட்டு, அதில் நிறத்துணி கட்டி, எந்தத் துண்டு எது என்று கொப்பியில் படம் கீறிவையுங்கள். வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவிடுங்கள். ஒரு போகம் எங்கள் சும்மா விட்ட வரவைக்கு, பாவம் அது விடுபட்டுப் போயிற்று என்று நினைத்து, வேலைக்கு வந்த தம்பி நல்ல மனதோடு மருந்தடித்துவிட்டார். அந்தப் போகத்துக் கணக்கு அதோடு முடிந்தது.

எதையுமே மாற்றாமல் ஒருமுறை அளந்து பாருங்கள்

இதைச் செய்பவர்கள் குறைவு, ஆனால் என் கண்ணைத் திறந்தது இதுதான். ஒரு சிறுபோகத்தில் எதையும் மாற்றாமல், பக்கத்துப் பக்கத்து இரண்டு வரவையை அளந்தேன். ஒரே விதை, ஒரே உரம், ஒரே நாள். ஏக்கர்க் கணக்கில் ஆறு புசல் வித்தியாசம் வந்தது. ஒன்றுமே செய்யாமல் ஆறு புசல்! அப்படியானால் ஒரே ஒரு சோடியை வைத்து "ஐந்து புசல் கூடினது" என்று சொல்வதில் எந்தப் பொருளும் இல்லை. அது நிலத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடும். மூன்று சோடி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். முடிந்தால் ஐந்து. எல்லாச் சோடியிலும் ஒரே பக்கம் கூடினால் நம்பிக்கை வரும்.

நடுவில் என்ன பார்க்கலாம்

மழை. நேர்ச் சுவருள்ள ஒரு தகரப்பேணியை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலையில் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளந்து எழுதி, ஊற்றிவிடுங்கள். 1 மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் 1 லீற்றர் தண்ணீர். நமக்கு வருடத்து மழையின் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் விழுந்துவிடுகிறது. மருந்தடித்து ஒரு மணித்தியாலத்தில் மழை கொட்டியதா என்பது கொப்பியில் இருந்தால், பிறகு மருந்தைக் குறைசொல்லும் முன் யோசிக்கலாம்.

பயிரைப் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. பச்சை கட்டி நிற்பதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். யூரியா கூடினால் கதிர் வெளிவரும் முன், குடலைப் பருவத்தில் பயிர் கண்ணைப் பறிக்கும், பிறகு எரிபந்த நோயோ அறக்கொட்டியோ வந்து, சாய்ந்து, சப்பியாக (பதராக) முடியும். பச்சை நாம் கேட்ட பலன் அல்ல.

எண்ணக்கூடியது கதிர். ஒரு சதுர மீற்றரில் எத்தனை கதிர், ஒரு கதிரில் எத்தனை முற்றிய நெல்மணி, ஆயிரம் மணியின் எடை எவ்வளவு. இந்த மூன்றையும் பெருக்கினால் விளைச்சல். 350 கதிர், கதிருக்கு 70 நல்ல மணி, ஆயிரம் மணி 25 கிராம் என்றால் சதுர மீற்றருக்கு 612 கிராம், ஏக்கருக்கு ஏறக்குறைய 2480 கிலோ, 118 புசல் அளவில். எங்கே குறைந்தது என்று காட்டுவதுதான் இந்தக் கணக்கின் பயன். கதிர் குறைந்தால் முளைப்பிலோ களையிலோ ஆரம்ப உரத்திலோ குறை. கதிர் நிறைய இருந்து சப்பி கூடினால், பூக்கும் நேரத்துத் தண்ணீரையும் நோயையும் பூச்சியையும் பாருங்கள். விதையைக் குறைத்த வரவையில் ஆரம்பத்தில் பயிர் ஐதாகத் தெரிந்து வயிற்றைக் கலக்கும். மட்டம் வெடித்த (பக்கத் தூர்கள் விட்ட) பிறகு கதிரை எண்ணிப் பார்க்கும் வரை பொறுங்கள்.

வெட்டு நாள்

வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் துண்டுகள் கலந்துவிடும். அதற்கு முதல்நாளே நீங்கள் தாக்கத்தியோடு (அரிவாளோடு) இறங்க வேண்டும்.

இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் சதுரம் ஒன்று செய்துகொள்ளுங்கள். எஸ்லோன் (பிளாஸ்டிக்) குழாயில் செய்யலாம், கயிறும் நான்கு குச்சியும் போதும். மூலைக்கு மூலை 2.83 மீற்றர் வந்தால் சதுரம் சரி. வரம்போரத்தில் வைக்க வேண்டாம், அங்கே பயிருக்கு வெளிச்சமும் இடமும் கூட, கதிர் பெரிதாக இருக்கும். நல்ல இடமாகப் பார்த்தும் வைக்க வேண்டாம். வீட்டில் இருக்கும்போதே "வடக்கு வரம்பில் இருந்து பன்னிரண்டு எட்டு, பிறகு வலப்பக்கம் ஏழு எட்டு" என்று எழுதிக்கொண்டுபோய், கால் நின்ற இடத்தில் வையுங்கள். வரவைக்கு இரண்டு மூன்று இடம் எடுத்துச் சராசரி பாருங்கள்.

சதுரத்துக்குள் உள்ளதை வெட்டி, படங்கில் போட்டு அடித்து, சுளகால் புடைத்து, சப்பி நீக்கி, தனித்தனிப் பையில் பெயர் எழுதிக் காயவைத்து நிறுக்க வேண்டும். அந்த 4 சதுர மீற்றரில் 1 கிலோ விழுந்தால் ஏக்கருக்கு 1012 கிலோ, ஏறக்குறைய 48 புசல். மெசின் வெட்டிய பிறகு கிடைப்பதைவிட இந்தக் கணக்குக் கூடத்தான் காட்டும், ஏனென்றால் இதில் வரம்பும் இல்லை, மெசின் சிந்துவதும் இல்லை. இரண்டு துண்டையும் ஒரேவிதமாக அளப்பதால் ஒப்பிடுவதற்கு அது தடையில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. புது முறை வரவைகளில் 1.90, 1.65, 2.05 கிலோ, சும்மா விட்டவற்றில் 1.80, 1.75, 1.85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சோடி சோடியாகக் கழித்தால் 100 கிராம் கூட, 100 கிராம் குறைவு, 200 கிராம் கூட. சராசரி 67 கிராம் கூட. ஏக்கருக்கு ஏறக்குறைய 67 கிலோ, மூன்று புசல் சொச்சம். கூடினதா? ஒரு சோடியில் குறைந்திருக்கிறது, ஒன்றுமே செய்யாமல் ஆறு புசல் மாறும் நிலம் இது. "தெரியவில்லை, இன்னொரு போகம் பார்க்க வேண்டும்" என்று எழுதுவதுதான் நேர்மை. அப்படி எழுதக் கை வராது, கூடினது என்று எழுதத்தான் ஆசையாக இருக்கும். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்த புசலைத் திருப்பிப் பாருங்கள்.

காசுக் கணக்கு

இதே உதாரணத்தில் புது முறை அந்தத் திரவ உரம்தான் என்றும், மூன்று தடவை விசிற, உரத்துக்கும் கூலிக்குமாக ஏக்கருக்கு 7500 ரூபா போனது என்றும் நெல் கிலோ 100 ரூபா என்றும் வைத்துக்கொண்டால், செலவு மீளவே 75 கிலோ கூடுதலாக விழ வேண்டும். விழுந்தது 67. உரம் உண்மையிலேயே வேலை செய்திருந்தாலும் காசு வரவில்லை. கூடுதல் செலவை நெல் விலையால் பிரித்து, இத்தனை கிலோ கூட விழுந்தால்தான் சரி என்று வாங்கும் முன்பே கடை வாசலில் நின்று போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

வீட்டாள் உழைப்பையும் கூலியாக எழுதுங்கள். அம்மா களை பிடுங்கிய நாட்களுக்குக் காசு கொடுக்கவில்லை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது.

துண்டு விடாமல் போய்விட்டதா?

பலருக்கு நினைவு வருவது வெட்டுக்குப் பிறகுதான். சரி, அப்போதும் ஒரு வழி உண்டு, கொஞ்சம் பலவீனமானது. அதே வட்டையில், அதே வாய்க்காலில், அந்த மாற்றத்தைச் செய்யாத மூன்று நான்கு பேரின் போன வருடத்து விளைச்சலையும் இந்த வருடத்து விளைச்சலையும் கேளுங்கள். உதாரணத்துக்கு, உங்களுக்கு ஏக்கருக்கு 75 புசலில் இருந்து 90, அதாவது 15 புசல் கூடினது. அயலுக்குச் சராசரி 78இல் இருந்து 91, அவர்களுக்கும் 13 கூடினது. உங்கள் கைக்குக் கிடைத்தது அந்த இரண்டு புசல்தான். மற்ற 13ஐ வானம் தந்தது. மாமாவிடம் நான் முதல் வருடமே கேட்டிருந்தால் இரண்டு போகக் காசு மிஞ்சியிருக்கும்.

அயல் என்றால் உண்மையில் ஒத்த அயலாக இருக்க வேண்டும். அம்பாறைப் பக்கம், சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்துத் தண்ணீரில் செய்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாய்க்கால் தலைப்பில் இருப்பவருக்கும் கடைக்கோடியில் இருப்பவருக்கும் ஒரே போகத்திலேயே இரண்டு கதை. மானாவாரிக்காரர் மானாவாரியோடும், மாரியை மாரியோடும், சிறுபோகத்தைச் சிறுபோகத்தோடும் ஒப்பிட வேண்டும்.

எந்த வருடத்தோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் ஏமாறலாம். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டது. நவம்பரில் அதைத் தளர்த்தினாலும் அந்தப் பெரும்போகத்துக்கு உரம் நேரத்துக்கு வரவில்லை, நாடு முழுக்க விளைச்சல் சரிந்தது. அந்தப் போகத்தை அடியாக வைத்தால் அடுத்த வருடம் எவர் எதைச் செய்திருந்தாலும் வெற்றியாகத்தான் தெரியும். 2024 நவம்பர் கடைசியில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெள்ளம் வயல்களை மூடிய போகமும் அப்படித்தான். மோசமான வருடத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிட நல்லதாகவே இருக்கும், நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும். குறைந்தது ஐந்து மாரியின் விளைச்சலை வரிசையாக எழுதி, நடுவில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

வயல் இல்லாதவர்களும் இதையே செய்யலாம். மருதமுனையில் தறி வைத்திருப்பவர் புது நூலை ஒரு தறியில் மட்டும் போட்டு, பக்கத்துத் தறியைப் பழையபடி ஓடவிட்டு, இரண்டிலும் நூல் அறுவதை எண்ணலாம். தயிர் போடுபவர் அதே பாலில் பாதிச் சட்டிக்குப் பழைய உறை, பாதிக்குப் புது உறை போட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை, மறுநாள் காலையிலேயே விடை கிடைக்கும். அந்த வேகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இந்த மாரிக்கு நான் சோதிப்பது விதை அளவு. மூன்று சோடி வரவை, ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கு ஏக்கர்க் கணக்கில் மூன்று புசல், மற்றதுக்கு இரண்டு. காசு சுண்டியது அப்பா. கொப்பியின் முதல் பக்கத்தில் "விளைச்சல் மூன்று புசலுக்கு மேல் குறையாவிட்டால் அடுத்த மாரி முழு வயலுக்கும் விதை இரண்டு" என்று அவர் கையாலேயே எழுதி, கீழே திகதியும் போட்டிருக்கிறார்.